குளச்சலில் தோற்றவர், உதயகிரியில் உறங்குபவர்

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் பக்கம் பஸ்ஸில் போறவங்க எல்லாரும் தக்கலைக்கு முன்னாடி புலியூர்க்குறிச்சியைத் தாண்டித்தான் போகணும். அங்கே ரோட்டை ஒட்டி உதயகிரிக் கோட்டை இருக்கு. நம்மில் பலருக்கு அது வனத்துறையோட பூங்கா. மான் இருக்கும், மரம் இருக்கும், ஸ்கூல் டூர்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அந்தக் கோட்டைக்குள்ளே கூரை இல்லாத ஒரு பழைய சர்ச் நிற்கிறது, கவனிச்சிருக்கீங்களா? அதற்குள்ளே சில கல்லறைகள். அதில் ஒன்றில் இருப்பவர்தான் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டி லனாய்.

பாடப்புத்தகத்தில் இவருக்குக் கிடைத்தது ஒரே வரி. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர். அவ்வளவுதான். ஆனா மக்கா, அந்தத் தோல்விக்கு அப்புறம் இந்த மனுஷன் 36 வருஷம் நம்ம ஊரிலேயே வாழ்ந்தார். தன்னைத் தோற்கடித்த ராஜாவுக்கே கோட்டை கட்டினார், பீரங்கி வார்த்தார், படை நடத்தினார். இந்தக் கட்டுரை அந்த 36 வருஷத்தைப் பற்றியது. அதற்கு முன்னாடி உங்களை ஒரு நூறு வருஷம் பின்னாடி, கடல் தாண்டி ஹாலந்துக்குக் கூட்டிட்டுப் போகணும். காரணம், டி லனாய் குளச்சலுக்கு வந்த பாதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாதையை நமக்குக் காட்டிக் கொடுப்பது ஓவியங்கள்.

படத்துக்குள் ஒரு பொட்டலம்

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து ஒரு விசித்திரமான நாடு. சுற்றிலும் ராஜாக்கள் ஆண்டபோது அவர்கள் ஸ்பெயின் ராஜாவோடு 80 வருஷம் சண்டை போட்டு, 1648-ல் முழு விடுதலை வாங்கிக் குடியரசாக நின்றார்கள். அதுவரை ஐரோப்பாவில் ஓவியருக்குப் பெரிய கஸ்டமர் இரண்டே பேர்: அரண்மனை, கோவில். ஹாலந்தில் அரண்மனை ஆர்டர் குறைவு. அங்கே அதிகாரத்தில் இருந்த புரொட்டஸ்டன்ட் சபையும் சர்ச்சுக்குள்ளே படம் வைக்க விடவில்லை. அப்போ ஓவியர் பிழைப்பு?

சாதாரண ஜனங்க வாங்கினார்கள். வியாபாரி, பீர் காய்ச்சுகிறவர், ரொட்டி சுடுகிறவர் எல்லாரும். 1640-ல் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, கசாப்புக்கடையிலும் கொல்லன் பட்டறையிலும்கூட ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதி வைத்தார். வாங்குகிறவர் மாறினால் படமும் மாறும் இல்லையா? கடவுளும் ராஜாவும் இருந்த இடத்தில் வேலை செய்கிற மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ரெம்பிராண்ட் 1632-ல் வரைந்த ஒரு பெரிய படத்தில் டாக்டர் டுல்ப் பிணத்தின் கையை அறுத்துக் காட்ட, சுற்றி நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு லேப் கிளாஸ். அவரே 1662-ல் வரைந்த இன்னொன்றில், துணியின் தரத்தைச் சோதிக்கிற கமிட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நம்ம பாஷையில் குவாலிட்டி கன்ட்ரோல் டீம். 1642-ல் முடித்த அவருடைய புகழ்பெற்ற இரவுக் காவல் படம், ஊர்க்காவல் படைக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வரையச் சொன்னது. தலைக்குச் சுமார் 100 கில்டர். படத்தில் நிற்கிற இடத்தைப் பொறுத்துக் கூடக்குறைய. குரூப் போட்டோவில் முன்வரிசைக்கு அடிபோடுகிற பழக்கம் நேற்று வந்தது இல்லை.

இப்போ இன்னொரு வகைப் படத்துக்கு வாங்க. வில்லெம் ஹேடா, பீட்டர் கிளாஸ் இந்த இருவரும் மேஜைமேல் சாப்பாட்டை மட்டுமே வரைந்து பேர் வாங்கியவர்கள். வெள்ளித் தட்டு, பாதி உரித்த எலுமிச்சை, சிப்பி, ஒயின் கிளாஸ். இந்தப் படங்கள் சிலவற்றில் மேஜை ஓரமாக ஒரு காகிதப் பொட்டலம் கிடக்கும். பழைய பஞ்சாங்கத்தின் தாளைக் கூம்பாகச் சுருட்டியது. நம்ம ஊரில் கடலை மடித்துத் தருவாங்களே, அச்சு அசல் அதே மாதிரி. அதிலிருந்து சிந்திக் கிடப்பது நல்லமிளகு.

அந்த மிளகு ஹாலந்தில் முளைக்காது. அது மலபார் கரையிலிருந்தும் ஜாவா, சுமத்ரா பக்கத்திலிருந்தும் கப்பலில் போனது. ஏற்றிப் போனது 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பொதுமக்களிடம் ஷேர் விற்று முதல் திரட்டிய கம்பெனி அது. சொந்தமாகப் படை வைக்கலாம், கோட்டை கட்டலாம், வெளிநாட்டு ராஜாவோடு ஒப்பந்தம் போடலாம், சண்டையும் போடலாம். இத்தனைக்கும் லைசென்ஸ் கொடுத்திருந்தது டச்சு அரசு. 1661-ல் கொல்லத்தையும் 1663-ல் கொச்சியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்ததும் நம்ம பக்கத்து மிளகு வியாபாரத்தில் அந்தக் கம்பெனி கை ஓங்கியது.

படத்தில் இல்லாதவர்கள்

கொச்சி பிடிபட்ட அதே 1663-வாக்கில் டெல்ஃப்ட் ஊரில் வெர்மீர் ஒரு படம் வரைந்தார். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் ஜன்னல் பக்கம் நின்று கடிதம் படிக்கிறாள். பின்னால் சுவரில் பெரிய தேசப்படம். டெல்ஃப்டிலும் கம்பெனிக்குக் கிளை அலுவலகம் உண்டு. கடலுக்குப் போனவர்கள் இல்லாத தெருவே அங்கே இருந்திருக்காது. அந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று வெர்மீர் சொல்லவில்லை. எழுதிய ஆளும் படத்தில் இல்லை.

எனக்கு அந்தக் கால டச்சுப் படங்களைப் பார்க்கும்போது தோன்றுவது இதுதான். மிளகு இருக்கு, அதைத் தின்ன மேஜை இருக்கு. அதைக் கொண்டுவரப் போனவன் இல்லை.

போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? கம்பெனி இருந்த இரு நூற்றாண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அதன் கப்பல்களில் ஆசியாவுக்கு ஏறினார்கள். அதில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கப்பல் சேதம், சண்டை. சிலர் வந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். ஆள் கிடைக்காமல் ஜெர்மனி, ஃபிளாண்டர்ஸ், பிரான்ஸ் பக்கத்து ஏழைப் பையன்களையும் கம்பெனி சேர்த்தது. துறைமுகத்தில் தரகர்கள் இருந்தார்கள். வேலை தேடி வருகிற பையனுக்குக் கடனில் சோறும் படுக்கையும் கொடுத்து, கம்பெனியில் ஏற்றிவிட்டு, அவன் சம்பளத்திலிருந்து அந்தக் கடனைப் பிடித்துக்கொள்வார்கள். ஜனங்கள் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர், ஆத்துமாவை விற்பவர்கள். சிப்பாயாகச் சேர்ந்தால் ஐந்து வருஷ ஒப்பந்தம். பிளேஸ்மென்ட் சீசனில் இரண்டு வருஷ பாண்ட் என்றாலே நாம எவ்வளவு யோசிக்கிறோம்!

அப்படிக் கம்பெனிப் படையில் சேர்ந்து கப்பல் ஏறியவர்களில் ஒருவர்தான் டி லனாய். 1715-ல் ஆராஸ் நகரத்தில் பிறந்தவர். இன்றைக்கு அது வடக்கு பிரான்ஸ். பழைய ஃபிளாண்டர்ஸை ஒட்டிய ஊர் என்பதால் அவரை ஃபிளெமிஷ்காரர் என்றும் சொல்வார்கள். மதத்தால் கத்தோலிக்கர். வேலை பார்த்தது புரொட்டஸ்டன்ட் கம்பெனிக்கு. ஆக, குளச்சலுக்கு வருவதற்கு முன்பே அவர் ஒரு அந்நியரின் கொடியின் கீழ்தான் நின்றார். இதை மறந்துடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

குளச்சல், 1741

இந்தப் பக்கம் 1729-ல் வேணாட்டில் பட்டத்துக்கு வந்தவர் மார்த்தாண்ட வர்மா. தலைநகரம் கல்குளம், அதாவது பிற்காலத்துப் பத்மநாபபுரம். சின்ன ராஜ்யங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்தார். அந்த ராஜ்யங்களில் பல, கம்பெனிக்கு மிளகு விற்கிற ஒப்பந்தம் போட்டவை. ராஜ்யம் கை மாறினால் மிளகும் கை மாறும். கம்பெனிக்கு வயிற்றில் புளி கரைத்தது.

இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் நேரில் வந்து மார்த்தாண்ட வர்மாவிடம் பேசினார், மிரட்டியும் பார்த்தார். ராஜா மசியவில்லை. 1741 தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த கம்பெனிப் படை குளச்சல் கடப்புறத்தில் இறங்கியது. சுற்றுவட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே முன்னேறியது. குளச்சலிலிருந்து கல்குளம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ராஜா அப்போது வடக்கே போரில் இருந்தார். செய்தி தெரிந்ததும் தெற்கே திரும்பினார்.

கம்பெனிக்கு நேரம் சரியில்லை. தலைமையிடமான பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1740-ல் சீனர்களைக் கொன்று குவித்ததால் ஜாவா முழுக்கப் போர் மூண்டிருந்தது. அங்கிருந்து கூடுதல் படை வர வழியில்லை. இங்கே தென்மேற்குப் பருவக்காற்று வேற. ஆடி மாசக் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சல்காரங்களிடம் கேட்டால் சொல்வாங்க. கரையில் அரண் போட்டு உட்கார்ந்திருந்த கம்பெனிப் படை முற்றுகையில் மாட்டிக்கொண்டது. ஊர் மீனவர்கள் துடுப்பைத் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்று, கப்பலில் இருந்தவர்களை ஏமாற்றினார்கள் என்று நம்ம பக்கம் இன்றும் ஒரு கதை உண்டு. 1741 ஆகஸ்டில் கம்பெனிப் படை சரணடைந்தது. ஆகஸ்ட் 10-ஐத்தான் வெற்றி நாளாகச் சொல்கிறார்கள். குளச்சலில் வெற்றித் தூண் இன்றும் நிற்கிறது.

பிடிபட்ட ஐரோப்பியர்களில் டி லனாயும் இருந்தார். வயது இருபத்தாறை ஒட்டி. நம்மைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவர்.

எதிரியின் பட்டறையில்

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. நீங்க ராஜாவாக இருந்தால் கைதியை என்ன செய்வீங்க? பணயத்தொகை கேட்கலாம். கொல்லலாம். மார்த்தாண்ட வர்மா வேறு கணக்குப் போட்டார். தன் ஆட்களைத் தொந்தரவு பண்ணின அந்தத் துப்பாக்கிப் பயிற்சி தனக்கு வேணும் என்று நினைத்தார். முதலில் தன் மெய்க்காவலர்களில் சிலரைப் பயிற்றுவிக்கும் வேலையை டி லனாயிடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தச் சிலர் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் வேலை பெரிதானது. கடைசியில் மொத்தப் படைக்குமே தலைமை. ஜனங்க அவருக்கு வைத்த பேர் வலிய கப்பித்தான். பெரிய கேப்டன்.

அவர் செய்தது என்ன என்பதை ஒரு இன்ஜினியரிங் மாணவன் கண்ணால் பார்த்தால் சுவாரஸ்யமா இருக்கும். துப்பாக்கி திருவிதாங்கூருக்குப் புதுசு கிடையாது. வீரம் குறைவும் கிடையாது. இல்லாதது ஒழுங்குமுறை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டதும் மறுபடி மருந்து இடித்து, குண்டு போட்டு, தயாராக நேரம் பிடிக்கும். ஒவ்வொருவரும் தன்னிஷ்டத்துக்குச் சுட்டால் பாதி நேரம் வெற்றுக்கை. வரிசையாக நின்று, ஒரு வரிசை சுடும்போது மற்ற வரிசை மருந்து நிரப்பினால் குண்டு ஓயாமல் பறக்கும். தனி ஆளின் திறமையை ஒரு சிஸ்டமாக மாற்றுவதுதான் சூட்சுமம். ஐரோப்பாவில் இந்த முறையை வளர்த்து எடுத்ததே ஸ்பெயினோடு சண்டை போட்ட பழைய டச்சுப் படைதான். டி லனாய் அதைக் கையோடு கொண்டுவந்து, நம்ம ஊர் வெயிலில் நம்ம ஊர் ஆட்களுக்குப் பழக்கினார்.

அடுத்தது கோட்டைகள். உதயகிரியில் முன்பே ஒரு கோட்டை இருந்தது. அதை 1740-களில் பெரிய கருங்கற்களால் திரும்பக் கட்டினார்கள். நடுவில் ஒரு குன்று, அதைச் சுற்றி மதில், உள்ளே சுமார் 90 ஏக்கர். மேற்பார்வை டி லனாய். அங்கேயே ஒரு வார்ப்பட்டறை போட்டுப் பீரங்கியும் குண்டும் வார்த்தார்கள். வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்தால் விற்கிறவன் பிடியில்தான் இருக்கணும். சொந்தமாக வார்க்கத் தெரிந்தால் அந்தப் பிடி தளரும். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைத் தொட்டு நிற்கிற வட்டக்கோட்டையையும் அவர்தான் வலுப்படுத்திக் கட்டினார். உதயகிரிக்கு டில்லனாய் கோட்டை என்று ஒரு பேரும் இருந்தது. கைதியாக வந்தவர் பேரில் கோட்டை!

இந்தப் படையை வைத்து மார்த்தாண்ட வர்மா கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, கோட்டயம் பக்கம் என வடக்கே கொச்சி எல்லை வரை போனார். மிளகு வியாபாரத்தை அரசே வைத்துக்கொண்டது. 1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக் கம்பெனி இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டது. திருவிதாங்கூரின் எதிரிகளுக்கு உதவ மாட்டோம், ஆயுதம் தருகிறோம், எங்களுக்கு மிளகு தாங்க என்பதுதான் அதன் சாரம். டி லனாயைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய அதே கம்பெனி, அவர் வளர்த்த படையைப் பார்த்து வழிக்கு வந்தது.

ராஜா 1758-ல் காலமானார். அடுத்து வந்த ராம வர்மாவுக்கும் டி லனாய் வேலை பார்த்தார். வடக்கே மைசூர்ப் படை எந்த நேரமும் வரலாம் என்ற பயத்தில், கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்கு மண் அரணும் அகழியும் முள்வேலியுமாக நெடுங்கோட்டை எழும்பியது. டி லனாய் இறந்து 12 வருஷம் கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் திருவிதாங்கூர்ப் படை தடுத்தது. அடுத்த வருஷம் அது உடைந்தது என்பதையும் சொல்லணும். ஆனா அந்த முதல் தடுப்பு வாங்கிக் கொடுத்த மாதங்கள் திருவிதாங்கூருக்குப் பெரிய விஷயம்.

நீலகண்டன்

இதுவரை படித்தால் ஒரு சக்சஸ் ஸ்டோரி மாதிரி இருக்கும். திறமை இருந்தால் எதிரி ஊரிலும் பிழைக்கலாம், அப்படின்னு ஒரு வாட்ஸாப் ஸ்டேட்டஸ்கூட போடலாம். அவசரப்படாதீங்க.

டி லனாய்க்கு அரண்மனை வேலையில் இருந்த ஒரு நண்பர் கிடைத்தார். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன். வீட்டில் அடுக்கடுக்காக வந்த நஷ்டங்களால் நீலகண்டன் மனம் உடைந்திருந்த நேரம். டி லனாய் அவருக்கு விவிலியத்தில் வருகிற யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத ஒரு மனிதனின் கதை. ஊரையும் உறவையும் விட்டு இங்கே மாட்டிக்கொண்ட ஒருவர் அதைச் சொல்லும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. 1745-ல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர் மதம் மாறியதும், சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகியதும் அதிகாரத்தில் இருந்த பலருக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் குற்றம் சுமத்தி 1749-ல் பிடித்தார்கள். சிறை, சித்திரவதை, ஊர் ஊராக அவமானம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் வாட்டிகனில் அவரைப் புனிதராக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாவட்டம் முழுக்கக் கொண்டாடினாங்களே.

இப்போ டி லனாய் பக்கத்தில் நின்று பாருங்க. அந்த அரசின் படைத்தலைவர் அவர். சிப்பாய்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய நண்பனைத் துப்பாக்கியால் கொன்றது அந்த அரசின் ஆட்கள். வலிய கப்பித்தான் என்ற பட்டம் அந்த நண்பனைக் காப்பாற்றவில்லை. அதற்கப்புறமும் அவர் 25 வருஷம் அதே அரசுக்கு வேலை பார்த்தார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கைதிக்கு வேறு வழி இல்லை என்று சொல்லலாம். ஆனா 1752-ல் அவர் வெறும் கைதி இல்லை, நாட்டிலேயே பெரிய பதவிகளில் ஒன்றில் இருந்தவர். சம்பளத்துக்கு வாயை மூடினார் என்று சொல்லலாம். ஆனா மனைவி, மகன், தன்னோடு பிடிபட்டு அங்கேயே தங்கிவிட்ட ஆட்கள் எல்லாரையும் அவர் யோசித்திருக்க வேண்டும். நான் அவருக்குத் தீர்ப்பு எழுத வரல. எனக்குப் படுவது ஒன்றே ஒன்று. உன் கையில் இருக்கிற தொழில் உன்னைச் சங்கிலியிலிருந்து வெளியே கொண்டுவரும், மேஜையில் ஒரு நாற்காலியும் வாங்கித் தரும். அந்த மேஜையில் எடுக்கிற முடிவில் உனக்கு ஓட்டு உண்டா என்பது தனிக் கேள்வி. கம்பெனிக்காரர்களும் ராஜாக்களும் அதை வேலைக்குச் சேரும்போது சொல்வதில்லை.

1765-ல் களக்காட்டுச் சண்டையில் அவர் மகன் ஜொஹானஸ் இறந்தான். வயது இருபதை ஒட்டி. அப்பா வளர்த்த படையில், அப்பாவின் ஊரே இல்லாத ஒரு ஊருக்காக.

இரண்டு சரணாகதிப் படங்கள்

மறுபடி ஓவியத்துக்கு வருவோம். டச்சுக்காரர் சரணடைகிற காட்சியை ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1635-வாக்கில் வரைந்திருக்கிறார். 1625-ல் பிரெடா நகரம் விழுந்த கதை அது. தோற்ற டச்சுத் தளபதி ஊர்ச் சாவியைக் குனிந்து நீட்டுகிறார். ஜெயித்தவர் குதிரையிலிருந்து இறங்கி நின்று அவர் தோளில் கை வைக்கிறார். தோற்றவனை அவமானப்படுத்தாத படம் என்று உலகமே அதைக் கொண்டாடுகிறது.

இன்னொரு சரணாகதிப் படம் நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கு. மார்த்தாண்ட வர்மாவின் முன் டி லனாய் சரணடையும் காட்சி. டூர் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, அதன் முன்னாடி ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பீங்க. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. டி லனாய் கிறிஸ்தவர் என்பதால் அந்த அரண்மனைக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடையாதாம். அதனால்தான் நடந்தே போகிற தூரத்தில் இருக்கிற உதயகிரியில் வாழ்ந்தார். உயிரோடு இருந்தபோது உள்ளே விடாத வீட்டில், இறந்த பிறகு படமாக உள்ளே போய்விட்டார்.

அதே அரண்மனையின் மேல்மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உண்டு. விஷ்ணுவும் மற்ற தெய்வங்களும். டி லனாய் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த காலத்தில் இங்கே ஓவியத்தில் இடம் தெய்வத்துக்குத்தான். துணி சோதிக்கிறவரையும் ரொட்டி சுடுகிறவரையும் சட்டம் போட்டு மாட்டுகிற வழக்கம் அவர் புறப்பட்டு வந்த உலகத்தில் இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் அவரை யாரும் வரைந்திருப்பார்களா? சந்தேகம்தான். ஹாலந்து தன் வீட்டு மேஜையை வரைந்த அளவுக்கு, அந்த மேஜைக்காகக் கப்பல் ஏறிய கூலிச் சிப்பாயை வரையவில்லை. தோற்றதால்தான் இவருக்கு ஒரு படம் கிடைத்தது.

அந்தப் படத்தில் இருப்பதோ அவர் வாழ்க்கையின் ஒரே ஒரு நாள். மிச்ச 36 வருஷம் உதயகிரி மதிலிலும் வட்டக்கோட்டைக் கல்லிலும் இருக்கு.

1777 ஜூன் 1-ல் டி லனாய் உதயகிரியில் இறந்தார். கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். மனைவி மார்கரெட்டும் மகனும் பக்கத்தில். அவரை அனுப்பிய கம்பெனி 1799-ல் கடனில் மூழ்கி இழுத்து மூடப்பட்டது. அவர் வேலை பார்த்த ராஜ்யமும் இப்போ இல்லை. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசு பராமரிக்கிறது.

கல்லறைக் கல்லில் எழுத்து இரண்டு மொழியில் இருக்கிறது. ஒன்று அவருடைய சர்ச்சின் லத்தீன். இன்னொன்று தமிழ். லத்தீன் எழுத்து வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. ராஜாவுக்கு 37 வருஷத்தை ஒட்டி மிகுந்த விசுவாசத்தோடு பணி செய்தவர் என்றும், காயங்குளத்திலிருந்து கொச்சி வரை நாடுகளை அவருக்கு அடக்கிக் கொடுத்தவர் என்றும் சொல்கிறது. எந்த ஊர்க்காரர் என்பதைப் பெரிதுபடுத்தவில்லை. டச்சு மொழி அங்கே இல்லவே இல்லை.

பூங்காவுக்குப் போனால் மானைப் பார்த்துவிட்டு அந்தக் கூரையில்லாச் சுவர்களுக்குள்ளும் போங்க மக்கா. லத்தீன் நமக்குப் புரியாது. தமிழ் எழுத்து கொஞ்சம் பழசு, தேய்ந்தும் போயிருக்கு. மெதுவா எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாருங்க.